வென்றவர்க்கு மீண்டும் இடமுண்டோ?

தோல்வியுற்றவரைத் தேற்றுவது எப்படி என்று சொல்லும் அறநூல்கள் நம்மிடம் பல உள. வென்றவரை நடத்துவது எப்படி என்று சொல்லும் நூல்கள் அருகியே காணப்படுகின்றன. தோற்றவரிடம் இரக்கம் காட்டுதல் எளிது. அவ்விரக்கம் நம்மையும் சற்று உயர்த்திக் காட்டும். ஒருமுறை வென்றவர் மறுமுறையும் வந்து நம் வரிசையிலேயே நிற்கும்போதுதான் நம் நெஞ்சின் நேர்மை சோதிக்கப்படுகிறது. அவருக்கு இடம் தருவதா, 'உமக்குக் கிடைத்தது போதும்' என்று விலக்குவதா என்னும் வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினா நமக்குக் கம்பம்மெட்டில், உறவினர் ஒருவர் இல்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே எழுந்தது. தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, இடுக்கி மாவட்டத்து ஏலமலையைத் தொடும் இடம் அது. சோதனைச் சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் நம்மவர் வாழ்கின்றனர். விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்டிரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறும். மாலையில் அவை கீழிறங்கும். இருட்டியதும் குளிர் பரவ, வீட்டார் அனைவரும் தொலைக்காட்சியைச் சுற்றி அமர்வர்.

அன்று அவ்வீட்டில் விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரி இளைஞன், தன் கைப்பேசி வழியே தொலைக்காட்சியில் அமெரிக்க ஆட்டம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தான். 'சர்வைவர்' என்பது அதன் பெயர். 2004ஆம் ஆண்டு, முந்தைய ஆட்டங்களில் புகழ்பெற்றவரை மீண்டும் கூட்டி நடத்திய தொடர் அது. முன்னர் வென்றவரான டீனா வெஸ்ஸன் என்னும் அம்மையார் முதல் வாக்கெடுப்பிலேயே வெளியேற்றப்பட்டார். அதுகண்ட இளைஞனின் தங்கை, பன்னிரண்டு வயதுச் சிறுமி, நம் பக்கம் திரும்பினாள்.

"ஏன் பெரியப்பா, அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

"தப்பு ஒண்ணும் செய்யல. முன்னாடி ஒரு தடவை ஜெயிச்சிருக்காங்க" என்றான் அண்ணன்.

"ஜெயிச்சது தப்பா?"

மூலையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்த பாட்டி குறுக்கிட்டார்: "ஒருத்தருக்கே ரெண்டு தடவையும் குடுத்தா, மத்தவங்க எங்க போவாங்க தாயி?"

பேத்தியின் வினாவிலும் நீதி இருந்தது. பாட்டியின் மறுமொழியிலும் நீதி இருந்தது. இரண்டிற்கும் நடுவே நாம் வாயடைத்து அமர்ந்திருந்தோம். அவ்வினா நம்மைச் சுட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வகை ஆட்டம் 1997ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பரவியது. 2021ஆம் ஆண்டு நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்க, தமிழிலும் ஒரு தொடர் ஒளிபரப்பாயிற்று. ஏறத்தாழ இருபதின்மரைத் தனித்த இடமொன்றில் விட்டு, குழுக்களாகப் பிரித்துப் போட்டிகள் வைப்பர். தோற்ற குழுவினர் இரவில் கூடி மறைவாகச் சீட்டெழுதித் தம்முள் ஒருவரை வெளியேற்ற வேண்டும். இவ்வாறு ஆள் குறைந்து இறுதியில் இருவரோ மூவரோ எஞ்சுவர். அவருள் யாருக்குப் பரிசு என்பதை, அதற்கு முன் வெளியேற்றப்பட்டோர் பலர் நடுவர் குழுவாக அமர்ந்து தீர்மானிப்பர்.

2017ஆம் ஆண்டு முதல் தமிழ் வீடுகள் நன்கறிந்த 'பிக் பாஸ்' ஆட்டத்தில் வெற்றியாளரைப் பார்வையாளர் வாக்குகள் முடிவு செய்கின்றன. 'சர்வைவர்' ஆட்டத்திலோ, யாரை நாம் வெளியே தள்ளினோமோ அவரே நமக்குப் பரிசு தரும் நடுவர் ஆகிவிடுகிறார். ஆகவே இங்கு வலிமை மட்டும் போதாது. பகைவனுடைய மதிப்பும் வேண்டும். முன்பு ஒருமுறை வென்றவர் இவ்விரண்டும் தமக்கு உண்டு என்று உலகறியக் காட்டியவர். அவர் வந்து நின்றால் மற்றவர் நெஞ்சில் கணக்குகள் ஓடத் தொடங்குவது இயல்பே.

நால்வகைக் கணக்கு

அக்கணக்குகளை நால்வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, 'இவர் வல்லவர். இருந்தால் நம்மை வெல்வார். ஆகவே விலக்குவோம்' என்பது. இரண்டாவது, 'இவருக்கு முன்னரே பத்து இலட்சம் டாலர் கிடைத்துவிட்டது. இனி இல்லாதவர்க்குக் கிடைக்கட்டும்' என்பது. மூன்றாவது, 'எல்லாருடைய கண்ணும் இவர்மேல் இருக்கும். இவர் முன்னே நின்றால் அம்புகள் நம்மேல் பாயா. ஆகவே கேடயமாக வைத்துக்கொள்வோம்' என்பது. நான்காவது, 'ஒருமுறை பெற்றவருக்கு நடுவர் மறுமுறை தரமாட்டார். ஆகவே இறுதிவரை அழைத்துச் சென்று எளிதில் வெல்வோம்' என்பது.

2004ஆம் ஆண்டுத் தொடரில் முதலிரு கணக்குகளும் சேர்ந்து வேலை செய்தன எனலாம். அதில் முன்னாள் வெற்றியாளர் நால்வர் பங்கேற்றனர். டீனா வெஸ்ஸன் முதலில் வெளியேற்றப்பட்டார். ஜென்னா மொராஸ்கா நோயுற்ற தாயைக் காணத் தாமாகவே விலகிச் சென்றார். முதல் தொடரை வென்ற ரிச்சர்ட் ஹாட்ச், மூன்றாவது தொடரை வென்ற ஈத்தன் சோன் ஆகிய இருவரும் ஆட்டத்தின் முற்பாதியிலேயே நீக்கப்பட்டனர். அவருள் ஈத்தன் சோன், எச்.ஐ.வி. நோய்த் தடுப்பைக் காற்பந்தின் வழியே ஆப்பிரிக்கச் சிறாருக்குக் கற்பிக்கும் அறப்பணியைத் தோழர்களுடன் தொடங்கியவர். 'இவருக்குப் போதும்' என்று கூறுவோர், பெற்றவர் பெற்றதை என்ன செய்தார் என்று கேட்பதில்லை.

2010ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டின் இறுதிக் கட்டத்தில் மூவர் எஞ்சினர். அவருள் சாண்ட்ரா டயஸ்-ட்வைன், பார்வதி ஷாலோ ஆகிய இரு பெண்டிரும் முன்னாள் வெற்றியாளர். ரஸ்ஸல் ஹான்ட்ஸ் என்னும் மூன்றாமவரோ முந்தைய தொடரில் இறுதிவரை வந்தும் பரிசு பெறாதவர். 'பெற்றவருக்கு மீண்டும் தரமாட்டார்' என்னும் நான்காம் கணக்கு மெய்யாயின் அவரே வென்றிருக்க வேண்டும். நடுவர் ஒன்பதின்மருள் அறுவர் சாண்ட்ராவுக்கும் மூவர் பார்வதிக்கும் வாக்களித்தனர். ரஸ்ஸலுக்கு ஒரு வாக்கும் கிட்டவில்லை. இவ்வாட்டத்தின் அமெரிக்கத் தொடரை இருமுறை வென்ற முதல் மனிதர் சாண்ட்ரா ஆனார்.

டோனி விளாக்கோஸ் என்பவரின் கதையும் நோக்கத்தக்கது. 2014ஆம் ஆண்டில் வென்ற அவர், 2017ஆம் ஆண்டு மீண்டும் வந்தபோது இரண்டாவது ஆளாகவே வெளியேற்றப்பட்டார். 2020ஆம் ஆண்டு, இருபதின்மரும் முன்னாள் வெற்றியாளராகவே அமைந்த தொடரில், இருபது இலட்சம் டாலர் பரிசை அவரே வென்றார். எல்லாரும் முன்னர்ப் பெற்றவராயின் 'உனக்குப் போதும்' என்னும் சொல் பொருளிழந்து போகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் தலையெடுக்கவே விடாமல் தடுக்கப்பட்டவர், சமநிலை வாய்த்ததும் முதல்வராயினார்.

ஆடுவோனும் நடுவனும்

இக்கணக்குகளில் எவை அறமாகும், எவை அறமாகா? ஆட்டத்திற்குள் நின்று ஆடுவோன் முதற்கணக்கைப் போடுவதில் குற்றம் காண்பதற்கில்லை. திருக்குறளில் 'வலியறிதல்' என்றே ஓர் அதிகாரம் உளது. தன் வலிமையையும் மாற்றானின் வலிமையையும் எடைபோட்டுச் செயல்படுக என்பது அதன் கருத்து. வல்லவரை அஞ்சி விலக்குதல் ஒருவகையில் அவருக்குச் செய்யும் சிறப்பேயாகும். மூன்றாவதும் நான்காவதும் மனிதரைக் கருவியாக்கும் கணக்குகள். வீட்டிலும் தெருவிலும் இழிவானவை. எனினும் எல்லாரும் அறிந்தே உடன்பட்டு நுழைந்த ஆட்டக்களத்தில் அவையும் ஆட்டத்தின் பகுதியே. கேடயமாக வைக்கப்பட்டவரும் தம்மை அவ்வாறு வைத்திருப்பதை அறிவார். அறிந்தே அதனைத் தமக்குப் படியாக்கிக்கொள்ளவும் வல்லார்.

இரண்டாம் கணக்கே நம்மை மயக்குவது. 'இல்லாதவர்க்குக் கிடைக்கட்டும்' என்னும் சொல்லில் பகிர்ந்துண்ணும் அறம் ஒலிக்கிறது. அதே சொல்லின் அடியில், பிறர் ஆக்கம் பொறாத நெஞ்சமும் பதுங்கியிருக்கக் கூடும். இரண்டும் ஒரே உடையில் வருவதால் எது எது என்று பிரித்தறிவது கடினம். பாட்டியின் மறுமொழியில் இருந்தது முன்னது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதே சொல்லைப் பின்னதன் முகமூடியாக நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம், சொல்லியும் இருக்கின்றோம்.

ஆடுவோனுக்கு உள்ள இவ்வுரிமை நடுவனுக்கு இல்லை என்பதை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். ஆடுவோன் தன் வெற்றியை நாடுகிறான்; அதனை மறைக்கவும் இல்லை. நடுவன் தனக்கென எதையும் நாடான் என்று நம்பியே நாம் அவன் கையில் துலாக்கோலைத் தருகின்றோம். 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் கோல், தட்டில் வைத்த பொருளைத்தான் நிறுக்கும்; சென்ற ஆண்டு வைத்ததை நினைவில் வைத்து இவ்வாண்டு சாயாது.

ஓட்டுச் சில்லும் குடவோலையும்

முன்னர்ச் சிறந்தவரை விலக்கும் வழக்கம் தொலைக்காட்சி கண்டுபிடித்ததன்று. பண்டைய ஏதென்சு நகரத்தில், மிகுந்த செல்வாக்குப் பெற்றுவிட்ட ஒருவரைப் பத்தாண்டுக் காலம் நாட்டை விட்டு அனுப்பும் வாக்கெடுப்பு இருந்தது. மக்கள் உடைந்த பானையோட்டுச் சில்லில் பெயரைக் கீறி இடுவர். கி.மு. 482இல் இவ்வாறு அனுப்பப்பட்டவர் அரிஸ்டைடிஸ். 'நேர்மையாளர்' என்பது அவருக்கு மக்கள் தந்த பட்டம். எழுத்தறியாத ஒருவன் அவர் யாரென்று தெரியாமல் அவரிடமே சில்லை நீட்டி, 'அரிஸ்டைடிஸ் என்று எழுதித் தாரும்' என்று கேட்டானாம். 'அவர் உமக்கு என்ன தீங்கு செய்தார்?' என்று வினவ, 'ஒன்றுமில்லை. எங்கும் அவரை நேர்மையாளர் நேர்மையாளர் என்று சொல்லக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது' என்றானாம். அவர் மறுக்காமல் தம் பெயரை எழுதிக் கொடுத்தார் என்று புளூட்டார்க் கூறுகிறார். இரண்டாண்டுகளில் பாரசீகப் படை திரண்டு வந்தது. நகரத்தார் அவரைத் திரும்ப அழைத்தனர், கி.மு. 479இல் பிளட்டேயாப் போரில் ஏதென்சுப் படைக்குத் தலைமை தாங்கினார். சலிப்பினால் விலக்கியவரை ஆபத்து வந்தபோது தேட வேண்டியதாயிற்று.

நம் நாட்டு வழக்கு வேறு. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்தனர். முப்பத்தைந்து வயதுக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்திற் புகலாகாது. அது நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை. ஊரார் அனைவர்க்கும் அங்கு இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்மூன்றாண்டு விதி நம் சிந்தனைக்கு உரியது.

அங்கும் முன்னர்ப் பெற்றவர் விலக்கப்பட்டார், இங்கும் விலக்கப்பட்டார். ஆனால் உத்திரமேரூர் விதி தேர்வுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டது. எவர் பெயரையும் சுட்டாமல் எல்லாரையும் கட்டியது. மூன்றாண்டு கழிந்தால் மீண்டும் வரலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது. அவ்வாறு விலகி நின்றவர், தம் தகுதியில் ஒரு துளியும் குறைந்ததாகச் சொல்லப்படவில்லை. பானையோட்டுச் சில்லோ ஒரு மனிதரின் பெயரைத் தேடியது. பாட்டியின் நீதியும் பேத்தியின் நீதியும் ஒன்றாக நிற்கக்கூடிய இடம் உத்திரமேரூர்ச் சுவரில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

நம் மேடையில் நிகழ்ந்தது

இனி, முன்னே தள்ளிவைத்த செய்திக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பகுதித் தமிழர் அமைப்பு ஒன்றின் பொங்கல் விழாவில் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவராக அமர்ந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதற்கு முன் இரண்டு ஆண்டுகளும் முதற்பரிசு பெற்றிருந்தாள். தாய் ஏலக்காய் எடுக்கும் தொழிலாளி. பள்ளியில் மலையாளம் பயின்ற அப்பெண், தமிழெழுத்தைத் தன் பாட்டியிடம் பழைய நாட்காட்டித் தாள்களில் எழுதிப் பழகியவள். அவ்வாண்டும் அவள் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

மூவரும் தலைகளைச் சேர்த்தோம். "போன வருஷமும் அந்தப் பிள்ளைதானே வாங்குச்சு? வேற ஒரு பிள்ளைக்குக் குடுத்தா ஊக்கமா இருக்குமே" என்றார் ஒருவர். எவரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. உச்சரிப்புக்கு நாம் இட்டிருந்த ஒன்பதை அடித்து ஏழாக்கினோம். அவள் இரண்டாமிடம் பெற்றாள்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் நம்மிடம் வந்தாள். கையில் பரிசுப் புத்தகம் இருந்தது. முகத்தில் கோபமில்லை.

"ஐயா, நான் எந்தக் குறள்ல தப்பு விட்டேன்? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

"எல்லாம் நல்லாத்தான்மா சொன்ன" என்று கூறி, பேருந்துக்கு நேரமாயிற்று என்று நடந்துவிட்டோம். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அன்று நாம் செய்தது பகிர்வு என்றே நம்பினோம். பகிர்வு எனின் போட்டிக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமற் செய்தமையால் ஒரு குழந்தைக்கு இல்லாத பிழையை உண்டாக்கினோம்; அவள் அப்பிழையைத் தேடித் தேடித் தன் நாவையே ஐயுற்றிருப்பாள். முதற்பரிசு பெற்ற மற்றொரு சிறுமிக்கும் நாம் நன்மை செய்யவில்லை. அவள் வெல்லாத வெற்றியை அவள் கையில் திணித்து, வல்லாளுடன் மீண்டும் மோதிப் பார்க்கும் வாய்ப்பைப் பறித்தோம். கம்பம் பள்ளத்தாக்கின் பல்லவராயன்பட்டியில் சல்லிக்கட்டு நடைபெறும். சென்ற ஆண்டு பிடிபடாத காளையை இவ்வாண்டு வாடிவாசலில் விடாதீர் என்று எந்த வீரனும் கேட்பதில்லை. அதன் திமிலைத் தழுவினால்தான் தன் பெயர் நிலைக்கும் என்று அவன் அறிவான். மாடுபிடிக்கும் இளைஞர்க்குத் தெரிந்த இவ்வுண்மை, கண்ணாடி அணிந்து மேடையில் அமர்ந்த நமக்குத் தெரியாமற் போயிற்று.

தொலைக்காட்சி ஆட்டத்தில் டீனா வெஸ்ஸனை விலக்கியவர் போட்டியாளர். அவர் தம் நலம் நாடியதை மறைக்கவில்லை. நாமோ நடுவராக அமர்ந்து ஆட்டக்காரரின் கணக்கைப் போட்டோம். பிழை அங்கேதான் இருந்தது.

நம்மவர்க்கு ஒரு சொல்

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வினா மேலும் முக்கியமானது. பெரிய ஊரில் ஆயிரம் மேடைகள் இருக்கும். ஒன்றில் விலக்கப்பட்டவர் மற்றொன்றில் ஏறிக்கொள்வர். மலைமேட்டில், அயல்மொழி சூழ்ந்த குடியிருப்பில், ஆண்டுக்கு ஒரு மேடைதான் உண்டு. அதில் தமிழ் பேசித் தலைநிமிர்ந்த குழந்தைக்கு நாம் தரும் சிறு குறிப்பும் பெரிதாக விழும். திறமை மிக்கது என்பதாலேயே ஒரு குழந்தை ஒதுக்கப்படுமாயின், அது மேடையை விட்டு மட்டும் விலகும் என்று உறுதி கூற இயலாது. மொழியை விட்டும் விலகக் கூடும். மறுபுறம், ஒரே வீட்டுப் பிள்ளைகளே ஆண்டுதோறும் பரிசு வாங்கினால் ஏனைய வீட்டார் போட்டிக்கு வருவதையே நிறுத்துவர். பாட்டி அஞ்சியது அதனையே, அவ்வச்சமும் பொய்யன்று.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. வெற்றி வாய்ப்பைப் பகிர்ந்தளிக்க விரும்பினால் விதியாகப் பகிர்வோம். 'இருமுறை முதற்பரிசு பெற்றோர் மூன்றாம் ஆண்டு போட்டியிடார். அவ்வாண்டு இளையோர்க்குப் பயிற்சி தருவர். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் வரலாம்' என்று அறிவிப்புத் தாளிலேயே அச்சிடுவோம். அங்ஙனம் விலகி நிற்பதே ஒரு சிறப்பாகிவிடும். விதி இல்லையாயின், வந்து நின்றவர் எத்தனை முறை வென்றவராயினும் இன்று தட்டில் வைத்ததை மட்டும் நிறுப்போம். மதிப்பெண் தாளில் மறைவாக அடித்து எழுதுதல் எந்நோக்கத்தினும் வேண்டா.

கம்பம்மெட்டுச் சிறுமிக்கு அன்று நாம் மறுமொழி கூறவில்லை, இப்போது கூறுகின்றோம். வெல்வது தப்பன்று, தாயே. உடன் ஆடுவோர் உன்னை அஞ்சி விலக்கினால் அது ஆட்டம், மனம் தளராதே. உன்னை அளக்க அமர்ந்தவர் விலக்கினால் அது அநீதி, காரணம் கேள்.

காரணம் கேட்ட மற்றொருத்தியும் இருக்கிறாள். இப்பொழுது கல்லூரியில் பயிலும் வயதினளாக இருப்பாள். இம்மலர் அவள் இல்லத்திற்கும் சென்று சேருமென நம்புகின்றோம். மகளே, அன்று நீ கேட்ட வினாவுக்கு உரிய விடை இது: எந்தக் குறளிலும் நீ தவறவில்லை. தவறியவர் நாம்.